பட்டறை முதலாளியின் பாதுகாப்புச் சாத்திரம்

கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ ஆகிய பகுதிகளில் நான்கைந்து லேத்துகளை வைத்துக்கொண்டு, பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் கம்பெனிகளுக்கு 'ஜாப் ஒர்க்', அதாவது கம்பெனி தரும் உருப்படியைக் கடைந்தும் துளையிட்டும் கூலிக்கு முடித்துக்கொடுக்கும் வேலை, செய்துவரும் பட்டறை முதலாளி, கொங்குநாட்டு மனிதவகைகளுள் தனி ஆய்வுக்குரியவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் தூக்கி எறியும் இவர், அலுவலகக் கணினிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல் முருகன் பெயரும் நடப்பு ஆண்டின் எண்ணும் சேர்ந்தது; அதுவும் மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டிருப்பது. புத்தாண்டில் காலண்டர் மாறும்போது கடவுச்சொல்லும் மாறுவதால், அதை அவ்வப்போது மாற்றவேண்டும் என்ற நிபுணர்களின் பழைய விதி அவர் அறியாமலே நிறைவேறிவிடுகிறது. (அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பே 2017இல் அந்த விதியைக் கைவிட்டுவிட்டது என்பது வேறு கதை.)

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பிறகு, நோட்டில் இருந்த கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கும், டேலியிலிருந்து அரசின் இணையதளத்துக்கும் போகவேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தின் ஒவ்வொரு வாசலிலும் ஓடிபி என்னும் ஒருமுறை எண் கேட்கப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்து சில நிமிடங்களில் காலாவதியாக வேண்டிய இந்த எண், முதலாளியின் கைபேசிக்கு வந்ததும், லேத்துச் சத்தத்தை மீறி ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டியிருப்பதால், "நாலு, எட்டு, ரெண்டு... கேக்குதுங்களா தம்பி?" என்று உரத்த குரலில் அறிவிக்கப்பட, பட்டறையில் இருப்போரும் டீ கொண்டுவந்தவரும் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைத் தம்பியிடம்கூடக் கொடுக்காத இவருடைய மின்கையொப்ப டோக்கன், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி கையெழுத்துக்கு நிகரான ஒப்பத்தை இடும் அந்தச் சிறு கருவி, ஆடிட்டரின் மேசை இழுப்பறையில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. காரணம் கேட்டால், "அவரு நம்மாளுங்க" என்பது பதில். இவருடைய பாதுகாப்புச் சாத்திரம் முழுவதும் இந்த ஒரு சூத்திரத்தில் அடங்கும்: தெரிந்தவர் எவரும் திருடர் அல்லர், திருடன் எவனும் தெரிந்தவன் அல்லன்.

லேத்துக்குத் தினமும் எண்ணெய் விடுபவர் கணினிக்குச் செய்யும் பராமரிப்பு ஆயுதபூஜையன்று இடும் சந்தனமும் குங்குமமுமே. 2020 ஜனவரி 14 முதல் மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்ட விண்டோஸ் 7 அதில் இன்னும் ஓடுகிறது. "நல்லாத்தானுங்க ஓடுது" என்பதற்கு மேல் வாதமில்லை. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை', கோப்புகளைப் பூட்டிவைத்துப் பிணைப்பணம் கேட்கும் நிரல், உலகெங்கும் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. இவரோ திருத்தத்தை நிறுவச் சொல்லும் அறிவிப்பு திரையில் தோன்றும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்தியே பழகியவர். கணக்கின் நகல் ஒரு பென்டிரைவில் உண்டு. அதைக் கழற்றினால் தொலைந்துபோகும் என்பதால் அது அதே கணினியில் எப்போதும் செருகியபடி இருக்கிறது, ஆகவே பூட்டுகிற நிரல் வந்தால் இரண்டையும் ஒருங்கே பூட்டும். நகல்களுள் ஒன்றாவது வேறிடத்தில் இருக்கவேண்டும் என்ற விதியை ஆடிட்டரிடம் உள்ள பிரதி தற்செயலாகக் காப்பாற்றி வருகிறது.

ஆயினும் இவரை ஏமாற்றுவது எளிதன்று. வார்ப்படம் அனுப்பும் பவுண்டரியின் பெயரில், முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறிய மின்னஞ்சல் வந்து, 'வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனி இதில் செலுத்தவும்' என்று சொன்னால், எழுத்தை நம்பாத இவர் தம் பழைய நோட்டில் உள்ள எண்ணுக்கே போன் போட்டு, மழை உண்டா, உங்க ஊட்டுல அப்பச்சிக்குக் கால்வலி தேவலையா என்று விசாரித்த பிறகே பண விஷயத்துக்கு வருவார். சந்தேகமான செய்தியை வேறொரு வழியில் உறுதிசெய்க என்று நிபுணர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பது இதைத்தான்; அப்பச்சியின் கால்வலியைச் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவசரத்தில் அந்த விசாரிப்பு தவறிப் பணம் போய்விட்டால்தான் சாத்திரம் தடுமாறுகிறது. இணையப் பணமோசடிக்கென உள்ள 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுமுன் அதை முடக்க வாய்ப்புண்டு; இவரோ முதலில் மச்சானை அழைப்பார், மச்சான் போலீசில் உள்ள பங்காளியை அழைப்பார், பங்காளி பந்தோபஸ்தில் இருப்பார். இதற்குள், கணக்கு எழுதும் பெண், "நீ சும்மா இரு அம்மிணி" என்று அதட்டப்பட்டவர், மூலையில் நின்று 1930க்குப் புகாரைப் பதிவுசெய்து முடித்திருப்பார். பணம் முடக்கப்பட்ட செய்தி வந்ததும், மச்சானுக்குப் பெரிய இடத்துச் செல்வாக்கு உண்டு என்பது பட்டறையில் உறுதிப்படும்.