இடது கைக்கு மட்டும்

ஹாக்கி ஆட எனக்கு ஒரு கிளவுஸ் வேண்டும் என்று திருச்சியில் வாய்விட்டுச் சொன்னால் இரண்டு வகை ஆட்கள் சிரிப்பார்கள். ஹாக்கி மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் ஒரு வகை. காலமெல்லாம் ஹாக்கி ஆடி ஓய்ந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையின் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது வகை, "நாங்கல்லாம் பொன்மலையில சரளைக்கல்லுல ஆடினவங்க தம்பி" என்று சொல்லி, இடது புறங்கையை மூக்குக்கு நேரே நீட்டும். அதில் நான்கு விரல் முட்டியும் நான்கு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிளவுஸ் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. ஆனால் அவர்கள் அதை அத்தாட்சியாகக் காட்டுவதில்லை, பதக்கமாகக் காட்டுகிறார்கள்.

பொன்மலைக்காரர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1928-ல். அதே 1928-ல்தான் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலன் அந்த ஒலிம்பிக் முழுக்க ஒரு கோல்கூட விடவில்லை. இரண்டு செய்திக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பொன்மலைப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்டால், ஆலன் பட்டறையில் முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார் என்றே நினைத்துவிடுவீர்கள். ரயில்வே காலனிகளின் ஆங்கிலோ இந்தியர்கள் ஹாக்கியைத் தங்கள் வீட்டு விளையாட்டாக வைத்திருந்த காலம் அது. அவர்களில் எவன் கிளவுஸ் போட்டான் என்பது பெரியவரின் கேள்வி.

போடவில்லைதான். அன்றைக்குத் தரை வேறு. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை ஜெயித்த அணி, நம் வி.ஜே. பிலிப்ஸ் ஆடிய அணி, புல்லில் வளர்ந்த அணி. அடுத்த வருஷமே மான்ட்ரியலில், ஒலிம்பிக்கில் முதல்முறையாக, செயற்கைத் தரையை விரித்தார்கள். இந்தியாவுக்கு ஏழாவது இடம். 1980-ல் மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் திரும்பி வந்தது. புல்தரை திரும்பி வரவில்லை.

செயற்கைத் தரையில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதை மறிக்க மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்கவைக்க வேண்டும். மட்டையின் உச்சியைப் பிடித்திருப்பது இடது கை. மட்டை படுத்தால் அந்தக் கையும் படுத்தாக வேண்டும். படுத்த கை எழுந்து வரும்போது முட்டித் தோல் தரையில் தங்கிவிடும். இடது கைக்கு மட்டும் கிளவுஸ் வந்த கதை இதுதான். வலது கை மட்டையின் நடுவில் சௌகரியமாக இருந்துகொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கிறது. ஹாக்கியில் இடது கை மட்டை என்று ஒன்று சட்டப்படி கிடையவே கிடையாது என்பதால், இந்த அநியாயம் உலகத்தில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டிக்குச் செயற்கைத் தரை ஏது? செம்மண்தான். பெல் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், ஒரு பல் டாக்டர், அவரிடம் பல் கட்டிக்கொண்ட சிலர் என்று கூடுவோம். இரண்டு அணிக்கு ஆள் தேறாது, ஒன்றரை அணிக்குத் தேறும். செம்மண்ணில் பந்து துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும் என்பது பந்துக்கே தெரியாது. அந்தப் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. அது முட்டியில் பட்டால் ஃபோர்மேன் வாயிலிருந்து வரும் தமிழை இங்கே எழுத முடியாது.

தெப்பக்குளம் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்வதெல்லாம் அங்கே கூரையிலிருந்து தொங்கும்.

"ஹாக்கி கிளவுஸ் இருக்கா?"

"கோல்கீப்பருக்கா சார்?"

"இல்லீங்க, ஆடுறவனுக்கு."

கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஆடுகிறவன் எங்கே என்று தேடினார் போலிருக்கிறது. "கிரிக்கெட் பேட்டிங் கிளவுஸ் இருக்கு, கீப்பிங் இருக்கு, பாக்ஸிங் இருக்கு, ஜிம் இருக்கு. ஹாக்கிக்குக் கேட்டு யாரும் வர்றதில்லை சார்."

"சரி, பேட்டிங் கிளவுஸ்ல இடது கை மட்டும் கிடைக்குமா?"

"ஜோடியைப் பிரிச்ச பாவம் எனக்கு எதுக்கு சார்?"

ஜோடியாகவே வாங்கினேன். ஸ்ரீரங்கத்துக்கு வந்து இடது கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டில் கேட்டாள்: "ஏங்க, அந்த இன்னொரு கை என்ன பாவம் பண்ணுச்சு?" எங்கள் ஊரில் கவசம் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் ரத்னாங்கியில் வருவார், மூலவர் முத்தங்கியில் சேவை சாதிப்பார், ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சம்சாரியான ஒருவன் ஒற்றைக் கையில் வெள்ளைக் கிளவுஸோடு ராஜகோபுரத்தடியில் நின்றால் மட்டும் என்ன ஏது என்று கேட்கிறார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஓர் அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, "தீக்காயமாப்பா?" என்று எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன். சத்திரம் பஸ் நிலையம் வரை கூட்டம் அதிகம்.

ஆடிப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ஒவ்வொரு விளையாட்டும் கையில் ஒவ்வோர் இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. பேட்டிங் கிளவுஸ் விரல்களின் முதுகைப் பார்த்துப் பயப்படும். ஆகவே விரலுக்கு மேல் பஞ்சுருளைகள், உள்ளே முழுத் தோல். பந்து பட்டால் வலிக்காது, வாஸ்தவம். ஆனால் கிரிக்கெட் மட்டையை இறுக்கிப் பிடித்தால் போதும். ஹாக்கியில் இடது கை மட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை ஒரு வளையமாகத் தளர்ந்திருக்க, இடது மணிக்கட்டு மட்டையை உருட்டிப் பந்தின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தட்டும். இந்திய டிரிபிளிங் என்று உலகமே வாய்பிளந்த வித்தை அந்த ஒரு மணிக்கட்டில்தான் இருக்கிறது. பஞ்சுருளை மாட்டிய விரல்களால் அதைச் செய்யப் பார்த்தேன். மட்டை திரும்பவில்லை. நான் திரும்பினேன்.

பல் டாக்டர் ஜிம் கிளவுஸோடு வந்தார். அது உள்ளங்கையைக் காக்கும், புறங்கையைத் திறந்துபோட்டு வைக்கும். ஹாக்கிக்கு வேண்டியதற்கு நேர் எதிர். வங்கிக்காரர் வெளிநாட்டிலிருக்கும் மருமகனின் கோல்ஃப் கிளவுஸைக் கொண்டுவந்தார். கோல்ஃப்காரர்கள் புத்திசாலிகள். வலது கைக்காரர்களுக்கு இடது கைக் கிளவுஸை மட்டும் தனியாக விற்கிறார்கள், ஜோடியைப் பிரித்த பாவம் அவர்களுக்கு ஒட்டுவதில்லை. மட்டை அருமையாகத் திரும்பியது. ஆனால் அந்தத் தோல் அப்பளத்தைவிட மெல்லியது, பந்து பட்டதும் வங்கிக்காரர் அதைக் கழற்றி மருமகனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கால்பந்து கோல்கீப்பர் கிளவுஸை ஒரு கல்லூரிப் பையன் மாட்டிக்கொண்டான். உள்ளங்கை ரப்பர் மட்டையோடு ஒட்டிக்கொண்டது. பாக்ஸிங் கிளவுஸை யாரும் முயலவில்லை, சண்டை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

எங்கள் கோல்கீப்பர் சமாசாரம் தனி. மற்ற நாட்களில் அவன் கிரிக்கெட் விக்கெட் கீப்பர். ஹாக்கி கோல்கீப்பரின் கைக்காப்பு 228 மில்லிமீட்டர் அகலம், 355 மில்லிமீட்டர் நீளம் வரை இருக்கலாம். பலகை மாதிரி தட்டையானது, பந்தைத் தடுத்துத் தள்ளிவிட மட்டும். அது விலை அதிகம் என்று தன் கீப்பிங் கிளவுஸையே மாட்டிக்கொண்டான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலை வைத்த கிளவுஸ், பந்தைப் பிடிப்பதற்கென்றே செய்தது. பெல் ஃபோர்மேன் அடித்த பந்து மேல் மூலைக்குப் பறந்தது. பையன் வலப்பக்கம் பாய்ந்து, அந்தரத்தில் அழகாகப் பிடித்து, தரையில் உருண்டு, எழுந்து, பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "ஹவுஸாட்!" என்றான். என் ஆயுளில் அப்படி ஒரு கேட்ச் நான் பார்த்ததில்லை. ஹாக்கியில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அம்பயர் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தார். அதையும் பிடிக்கத்தான் பார்த்தான்.

அந்த அம்பயர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். என் பேட்டிங் கிளவுஸை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். சர்வதேச விதி, ஆட்டக்காரர் கிளவுஸ் போடலாம், ஆனால் அது கையின் இயல்பான அளவைப் பெரிதாக மாற்றக் கூடாது என்கிறது. "உங்க கையோட இயல்பான அளவு என்ன தம்பி?" என்று கேட்டார். கழற்றிக் காட்டினேன். "ஆகாது" என்றார். மட்டையில் பட்டிருக்க வேண்டிய பந்து அதைப் பிடித்த கையில் பட்டால் தப்பில்லை என்றும் விதி இருக்கிறதே என்று வாதாடினேன். "அது கைக்குத்தான். தலையணைக்கு இல்லை" என்றார்.

ஆனாலும் கிரிக்கெட் கிளவுஸை ஹாக்கியில் போடுவது பெரிய துரோகம் என்கிற பேச்சை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரிக்கெட் பந்தின் எடை என்ன? 155.9 முதல் 163 கிராம். சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர். ஹாக்கிப் பந்து 22.4-ல் ஆரம்பித்து 23.5 வரை போகலாம். இது தற்செயல் இல்லை. 1870-களில் லண்டன் பக்கம் டெடிங்டனில் கிரிக்கெட் ஆடிய கனவான்கள், குளிர்காலத்தில் பொழுது போகாமல், அதே கிரிக்கெட் பந்தை வைத்துத்தான் ஹாக்கி ஆடினார்கள். பந்தே இரவல். அதன் பின்னால் கிளவுஸ் இரவல் போனால் என்ன குறைந்துவிடும்?

குறைந்துபோனதெல்லாம் ஹாக்கியின் பக்கம்தான். மைதானம், பணம், டிவி, தெருப் பையன்கள் எல்லாம் கிரிக்கெட்டுக்குப் போயாயிற்று. ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தில் இருந்த அரியலூரின் கார்த்தி செல்வமும், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அடையவளஞ்சான் வீதியில் பந்து பொறுக்கும் பையன்களிடம் கார்த்தி யார் என்று கேட்டேன். "எந்த ஐபிஎல் டீம் சார்?" என்றான் ஒருவன். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் திருச்சி. ரயிலில் போனவர்கள் எங்கள் ஸ்டேஷனில் டீயாவது குடித்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இத்தனையும் எடுத்துக்கொண்ட கிரிக்கெட், ஓர் இடது கைக் கிளவுஸைத் திருப்பித் தரட்டுமே!

தீர்வைக் கண்டுபிடித்தவர், ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் குடைக்கடியில் செருப்புத் தைக்கிறவர். கிளவுஸைக் கையில் வாங்கிப் புரட்டினார். "என்ன சார் பண்ணணும்?" மட்டையைக் கொடுத்து, பிடித்துக் காட்டினேன். அவரும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். மட்டையை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கைத் தோலை வட்டமாக அறுத்து எடுத்தார். விரல் உருளைகளைக் கீறிப் பஞ்சில் பாதியை உருவிப் போட்டார். மிச்சத்தைத் தட்டித் தட்டி அமுக்கி, மெழுகு தடவிய நூலால் ஓரம் தைத்தார். முட்டிக்கு மேல் மட்டும் பழைய செருப்பின் ரப்பர் ஒரு துண்டு. மணிக்கட்டு வெல்க்ரோவை அப்படியே விட்டார். மாட்டினேன். கம்பு கையில் பட்டது, மணிக்கட்டு சுழன்றது. முட்டியில் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, "வலிக்குதா?" என்றார். வலிக்கவில்லை.

"அந்தக் கையையும் குடுங்க சார், அதையும் பண்ணித் தர்றேன்."

"அது வேண்டாம்."

"காசு வேண்டாம் சார்."

"அதுக்கில்லை. இந்த ஆட்டத்துக்கு ஒரு கைதான்."

அவர் என்னை நம்பவில்லை. வலது கைக் கிளவுஸைத் தன் கையில் மாட்டி, குத்தூசியை எடுத்து, ஒரு தடித்த தோலில் அழுத்தினார். ஊசி உள்ளே போனது. முகம் மலர்ந்தது. "இது எனக்கு இருக்கட்டுமா?" என்றார். தாராளமாக என்றேன். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மறு ஞாயிறு அம்பயர் அதை அளந்து பார்த்து, "இது கை" என்று தீர்ப்புச் சொன்னார். ஃபோர்மேன் மறுநாளே தனக்கும் ஒன்று கேட்டார். பொன்மலைப் பெரியவர் மட்டும் தன் முட்டிகளை இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போனார்.

ஆகவே திருச்சி, ஸ்ரீரங்கம் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பையன் பிளஸ் டூ வந்ததும் கிரிக்கெட்டை விட்டிருப்பான். அவன் கிட் பேக் பரணில் கிடக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். இடது கைக் கிளவுஸ் எங்களுக்கு வேண்டும், வலது கைக் கிளவுஸ் குடைக்கடியில் இருப்பவருக்கு வேண்டும். துவைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனிடமே கொடுத்து அனுப்பினால் இன்னும் உத்தமம். எங்களுக்கு ஒரு ரைட் அவுட் குறைகிறது.