அரிப்பிலக்கணம்: போலியியல்

ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருப்பது போலி. வலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டவர் சொறிவதும் போலியே. ஆனால் தலைகீழ்ப் போலி. உருவம் அலர்ஜியாகவே இருக்கும், பொருள்தான் வேறு.

முதலில் மெய். உடலின் எதிர்ப்பொருள் (ஐஜி-ஈ) மருந்தை முன்பே அடையாளம் கண்டுவைத்து, மறுமுறை பாய்வது மெய் ஒவ்வாமை. தொண்டை வீங்கும், மூச்சு இரைக்கும், இரத்த அழுத்தம் சரியும். மார்ஃபின் குடும்பத்தில் இது மிக அரிது. எஞ்சியவை போலி, அவை நான்கு.

முதற்போலி: மருந்து ஏறியதுமே வருவது. மார்ஃபினும் அதன் உறவான கோடீனும் தோலிலுள்ள மாஸ்ட் செல்களை நேரே தட்டுகின்றன. அந்தச் செல்கள் அரிப்பூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. எதிர்ப்பொருளுக்கு இதில் வேலையே இல்லை. யாருக்கும் தடிக்கும் என்பதால், தோல் சோதனையில் கோடீனையே 'கட்டாயம் தடிக்கும் சொட்டாக' வைத்ததுண்டு. எல்லோரும் தேறும் பரீட்சை அது. அதே குடும்பத்து மருந்தான ஃபென்டனில் இந்த வம்புக்குப் பெரும்பாலும் போவதில்லை.

இடைப்போலி: பெயருக்கேற்ப இடைப்பக்கம், முதுகுத்தண்டில், போடும் மார்ஃபினால் வருவது. சிசேரியன் முடிந்த தாய்மார்களிடம் காணலாம். ஊசி இடுப்பில், அரிப்பு மூக்கில். இது ஹிஸ்டமின் வேலையன்று, நரம்பின் வேலை. ஆகவே ஹிஸ்டமினைத் தடுக்கும் அவில் போட்டால் நோயாளி தூங்குவார், அரிப்பு விழித்திருக்கும். மார்ஃபினை எதிர்க்கும் நலாக்சோனைச் சிறிதளவு தந்தால் அடங்கும்.

கடைப்போலி: குமட்டலும் மலச்சிக்கலும். இவை மருந்தின் இயல்பான பக்கவிளைவுகள். இரண்டாவதற்குப் பெயர்க்காரணம் வேண்டியதில்லை.

முற்றுப்போலி: மேற்கண்டவற்றுள் ஏதோ ஒன்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் 'மார்ஃபின் அலர்ஜி' என்று ஏறிவிடுவது. எழுதியவர் ஓய்வு பெற்றாலும் எழுத்து ஓய்வு பெறாது. பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வலியில் துடிக்கும்போதும் அந்தச் சிவப்பு மை குறுக்கே நிற்கும். நான்கு போலிகளுள் ஆபத்தானது இதுவே; தோலில் ஒரு தடிப்பும் தெரியாது.

நூற்பயன்: "அலர்ஜி உண்டா?" என்று மருத்துவர் கேட்டால் "உண்டு" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த மருந்து, எப்படிப் போட்டார்கள், எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். மூச்சு இரைத்ததா, மூக்கு அரித்ததா என்பதை எழுதி வாங்குங்கள்.