வகுத்தல் அப்பா

“இதெல்லாம் ஒரு கணக்கா? கொண்டா இங்க!” என்று சொல்லிக்கொண்டேதான் அவர் தரையில் உட்காருவார். கைலியை இறுக்கிக் கட்டி, கண்ணாடியைத் துடைத்து, பென்சிலை ஒருமுறை சீவி, முனை உடைந்து மறுபடி சீவி... பார்ப்பவர்களுக்கு ஏதோ ராக்கெட் விடப் போகிறார் என்று தோன்றும். நான்காம் வகுப்புப் பிள்ளையின் வகுத்தல் வீட்டுப்பாடம்தான்.

கூட்டலும் கழித்தலும் நடந்த காலத்தில் இவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அது அம்மா பாடு. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டது அப்பத்தா. வகுத்தல் வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வரும். புகார் வந்ததும் இவர் வருவார்.

இவருடைய பொறுமையை அளக்கக் கடிகாரம் வேண்டாம், மகளை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டால் போதும். முதல் கணக்குக்கு ‘தங்கம்’. இரண்டாவதற்குப் பள்ளிப் பதிவேட்டில் உள்ள முழுப் பெயர். மூன்றாவதற்கு ‘ஏய்’. நான்காவதில் முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பி, ‘உன் பொண்ணு’ என்பார்.

கற்பிக்கும் முறை எளிது. வகு, பெருக்கு, கழி, இறக்கு. இந்த நான்கையும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே போவார். “எதுக்குப்பா இறக்கணும்?” என்று பிள்ளை கேட்டால், “இறக்கணும்னா இறக்கணும்!” அதோடு பாடம் முடிந்தது. “எங்க மிஸ் இப்படிச் சொல்லித் தரல” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் சொன்ன தன் பால்ய வரலாறு தொடங்கிவிடும். அந்த வரலாறு அப்பத்தாவின் காதில் விழாதபடி சன்னமாகத்தான் ஓடும். வளர்த்தவர் அவர் அல்லவா?

அன்றைக்கு மாட்டியது 4235-ஐ 7-ஆல் வகுக்கும் கணக்கு. பிள்ளை பாதியிலேயே அழத் தொடங்கியதால் அப்பாவே பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். “ஆறேழு நாப்பத்திரண்டு. கழிச்சாச்சு. மூணை இறக்கு. மூணுல ஏழு போகாது, அஞ்சையும் இறக்கு. அய்யேழு முப்பத்தஞ்சு. மீதி சைபர்! ஈவு அறுபத்தஞ்சு. இதுக்கா அழுகை?”

மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்தார். இருபது பேர் ஏலச்சீட்டில் தள்ளு போன பணத்தைப் பேப்பர் இல்லாமல் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்தவர்.

“ஏண்டா, நாலாயிரத்துச் சொச்சத்தை ஏழு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அறுபத்தஞ்சு ரூவாதானா? மிச்சத்தை யாருடா எடுத்தது?”

அப்பா நோட்டைப் பார்த்தார். நோட்டு அவரைப் பார்த்தது.

“இங்க வாடி ஆத்தா” என்று அப்பத்தா பேத்தியைக் கூப்பிட்டார். “நாப்பத்திரண்டு நூறு ரூவா நோட்டு, மூணு பத்து ரூவா நோட்டு, அஞ்சு ஒத்த ரூவா இருக்குன்னு வச்சுக்க. நூறு ரூவா நோட்டு ஆளுக்கு எத்தனை?”

“ஆறு.”

“மூணு பத்து ரூவா நோட்டை ஏழு பேருக்குக் குடுக்க முடியுமா?”

“கிழிக்கணும்.”

“கிழிச்சா செல்லாது. ஆருக்கும் பத்து ரூவா நோட்டு கிடையாது. சில்லறையா மாத்து. முப்பதும் அஞ்சும்?”

“முப்பத்தஞ்சு. ஆளுக்கு அஞ்சு. ஆறு நூறு, பத்து இல்ல, அஞ்சு... அறுநூத்தஞ்சு!”

அந்த ‘பத்து இல்ல’தான் நடுவில் விழ வேண்டிய சுழியம். இறக்குவதென்றால் சில்லறை மாற்றுவது என்று பிள்ளைக்கு அன்றுதான் விளங்கியது. விடையைத் திருப்பிப் பெருக்கிப் பார்த்திருந்தால் அறுபத்தைந்து வெறும் 455-இல் நின்றிருக்கும். ஆனால் சரிபார்ப்பது மற்றவர்கள் வேலை என்பது வகுத்தல் அப்பாவின் கொள்கை.

“அதைத்தான நானும் சொன்னேன்” என்றபடி அவர் எழுந்துவிட்டார். செல்போனோடு குளியலறைக்குப் போனவர் வர நேரமானது. கால்குலேட்டரும் அப்பத்தா பக்கமே பேசியிருக்கும்.

யார் இந்த மனிதர் என்று தேடிப் போக வேண்டாம். எங்கள் வீட்டு நோட்டில் அந்த 65 இன்னும் இருக்கிறது. நடுவில் நெருக்கியடித்து நுழைத்த சுழியம் என் கையெழுத்து.