ஜாவாக்காரர்

மைசூரில் ஒருவர் ஜாவாக்காரரா என்று தெரிந்துகொள்ள அவருடைய வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஜாவா மோட்டார் சைக்கிளுக்கு உதைக்கிற நெம்புகோல் இடப்பக்கம். அதையே முன்னால் மடக்கிப் போட்டால் கியர் நெம்புகோல். ஒரே இரும்புக்கு இரண்டு உத்தியோகம். எப்போதாவது அது திருப்பி உதைக்கும். அந்த உதையைத்தான் ஜாவாக்காரர்கள் பதக்கம்போலக் காலில் சுமந்து திரிகிறார்கள்.

ஆசாமிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சரஸ்வதிபுரத்திலோ ஒண்டிகொப்பலிலோ சொந்த வீடு. ரயில்வே பட்டறை, வங்கி, மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகம் என்று ஏதோ ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெங்களூரில் இருக்கிறான். போர்ட்டிகோவில் மகன் வாங்கிக் கொடுத்த கார் உறை போட்டு நிற்கும். அதன் பக்கத்தில் உறை இல்லாமல், காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை துணியால் துடைக்கப்பட்டு, மெரூன் நிறத்தில் அது நிற்கும்.

அவரிடம் மணி கேட்டால்கூட 1960-லிருந்துதான் ஆரம்பிப்பார். இரானி குடும்பத்தார் மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி தொடங்கியது, யாதவகிரித் தொழிற்சாலையை 1961-ல் ஜயசாமராஜ உடையார் திறந்துவைத்தது, அவர் அப்போது மாநில ஆளுநர், அதற்கு முன் இதே ஊருக்கு மகாராஜா, எல்லாம் வரிசையாக வரும். ஜானெசெக் என்பவர் வாண்டரர் கம்பெனியின் வண்டி உரிமையை வாங்கி, இரண்டு பெயரின் முதல் எழுத்துகளையும் ஒட்டி 1929-ல் ‘ஜாவா’ என்று வைத்தார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “செக்கோஸ்லோவாக்கியாக்காரன் மூளை சார்” என்பார். அந்த நாடு 1993-லேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவர் இன்னும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. எழுபதுகளில் பெயர் யெஸ்டி என்று மாறியதையும் அரைமனதாகத்தான் ஏற்றுக்கொண்டார். 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டதைச் சொல்லும்போது மட்டும் வருஷம் வராது. “அப்புறம் நிறுத்திட்டாங்க” என்று, ஏதோ மழை நின்றதுபோலச் சொல்லிவிட்டுப் போவார்.

இவ்வளவு பெருமைக்கும் நடுவே ஒரு சின்னக் குறை உண்டு. சாவி போடுகிற சுவிட்ச் ஆடும்.

பழைய ஜாவாவில் அந்த சுவிட்ச் ஹெட்லைட் கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாவியைக் குத்தித் திருப்பினால் கீழே பித்தளைத் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு, பாட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போக வேண்டும். வெறும் 6 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் வண்டி கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் தளர்ச்சி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். ஆறு வோல்ட்டுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒற்றை சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வோ நாற்பது ஐம்பது வருஷமாக அந்த சுவிட்சை அசைத்துக்கொண்டே இருக்கிறது. திருகு தளர்கிறது, சுருள்வில் சோர்கிறது, தகட்டில் களிம்பு ஏறுகிறது. பிறகு கே.ஆர்.எஸ். சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி ஒருமுறை விக்கும். சிவப்பு விளக்கு ஒருமுறை கண்ணடிக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “ஏங்க, மறுபடியுமா?” என்பார்.

“சின்ன விஷயம்தான். லூஸ் கான்டாக்ட்.”

ஜாவாக்காரர் வாயில் ‘ரிப்பேர்’ என்ற வார்த்தை வராது. எஞ்சினையே இறக்கிப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தாலும் அது சின்ன விஷயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வேலை தொடங்கும். போர்ட்டிகோவில் செய்தித்தாள் விரிக்கப்படும். ஸ்க்ரூ டிரைவர்கள் உயர வரிசையில் படுத்துக்கொள்ளும். முதல் காரியம் பாட்டரி ஒயரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் ஹெட்லைட்டில் கைவைக்கிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. பிறகு வளையத்தின் திருகைத் தளர்த்திக் கண்ணாடியை முன்னால் இழுப்பார். உள்ளேயிருந்து ஒயர்கள் வந்து விழும். மூல நிறம் எது என்று அவற்றுக்கே மறந்துபோயிருக்கும். சுவிட்சின் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். 30 பாட்டரியிலிருந்து வருவது, 15 காயிலுக்குப் போவது, 61 சிவப்பு விளக்கு. ஜெர்மானியர் வகுத்த முறை. சொந்த மருமகளின் போன் நம்பரைத் தாளில் பார்த்துச் சொல்கிறவர், இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மருத்துவ முறைகளும் முழுக்க உள்ளூர்தான். களிம்பு ஏறிய தகட்டைத் தேய்க்க நஞ்சன்கூடு பல்பொடி. உப்புத்தாள் தகட்டைத் தின்றுவிடும், பல்பொடி பக்குவமாகத் துலக்கும் என்பது அவர் சித்தாந்தம். சுவிட்சுக்கும் கூட்டுக்கும் இடையில் ஆடுகிற இடைவெளிக்கு மைசூர் சாண்டல் சோப்பு அட்டை. வட்டமாகக் கத்தரித்து, நடுவில் துளையிட்டு, அடியில் கொடுத்தால் இறுகும். ஒரு மாதம் ஆட்டம் நிற்கும், ஹெட்லைட்டிலிருந்து சந்தன வாசனையும் வரும். சைக்கிள் ட்யூப் ரப்பரை வெட்டி வாஷர் போடும் ஒரு பிரிவும் ஊரில் உண்டு. இரண்டு பிரிவுகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும். பால் வாங்கப் போகிற பக்கத்து வீட்டுக்காரர், பேப்பர் போடுகிற பையன், வாக்கிங் போய்விட்டு வருகிற பேராசிரியர், யார் கிடைத்தாலும் சரி, கையில் ஒரு டார்ச் கொடுக்கப்படும். டார்ச் பிடிப்பவருக்கு இரண்டு கடமைகள்: வெளிச்சத்தை அசைக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. “புது சுவிட்ச் மாத்திடலாமே அங்கிள்?” என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டுவிட்டான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “டார்ச்சைக் கீழ வெச்சிட்டு நீ போப்பா” என்றார்.

2018-ல் ஜாவா என்ற பெயர் மறுபடி சந்தைக்கு வந்தபோது மகன் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னான். ஷோரூமுக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விற்பனைப் பையன் பட்டனை அமுக்கினான். எஞ்சின் உடனே கிளம்பியது. நாலு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின், புகை இல்லை, எண்ணெய் வாசனை இல்லை. “நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்கு இதுல என்ன வேலை இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். பையன் அதை விலை அதிகம் என்பதாகப் புரிந்துகொண்டு இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறான்.

சுவிட்சின் இந்தத் தளர்ச்சியை ஏன் ஒரேயடியாகச் சரிசெய்வதில்லை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. சாவியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பழைய ஜாவாவின் சாவி சாவியே அல்ல. தலையுள்ள ஓர் ஆணி. பல் கிடையாது, வெட்டு கிடையாது. ஒரு ஜாவாவின் சாவி ஊரிலுள்ள எல்லா ஜாவாவுக்கும் போகும். சாவி தொலைந்தால் கொல்லுப்பட்டறைக்குப் போகலாம், பூட்டுக்காரன் வேண்டாம். இப்படிப்பட்ட வண்டிக்கு அந்த ஆட்டம்தான் பூட்டு. சாவியைப் பாதி அழுத்தி, லேசாக இடப்பக்கம் சாய்த்து, கட்டைவிரலால் கூட்டின் விளிம்பைத் தாங்கிக்கொண்டு, சிவப்பு விளக்கு வந்ததும் மூச்சைப் பிடித்து உதைக்க வேண்டும். இந்த ரகசியம் உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். திருடனுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், மைத்துனனுக்குத் தெரியாது.

ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா – யெஸ்டி தினம். அன்றைக்கு இந்த இனம் மொத்தமும் ஒன்றுகூடும். வெளியாள் பார்த்தால் அணிவகுப்பு என்று நினைப்பார். கிட்டப் போனால் ஆளுக்கொரு ஹெட்லைட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்கள். “ஓடுதா?” என்று யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. “என்ன ட்ரபிள்?” என்றுதான் விசாரிப்பார்கள். “ஒண்ணுமில்லை” என்று சொல்பவரிடம் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பாவம், அவர் ஓரமாக நின்று காபி குடிக்க வேண்டியதுதான். பாட்டரி அடியோடு செத்தாலும் தள்ளிக் கிளப்பச் சாவியில் தனி நிலை வைத்திருக்கும் செக்கோஸ்லோவாக்கிய ஞானத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அன்று மாலை பாதி வண்டிகள் அந்த ஞானத்தின் துணையோடுதான் வீடு திரும்பும்.

போன தசராவுக்கு மகன் வந்திருந்தான். அப்பா தினமும் போராடுவதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. அவர் ஜம்பு சவாரி ஊர்வலம் பார்க்கப் போன நேரத்தில் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, சுவிட்சைக் கழற்றி, புதிய தகடு, புதிய சுருள்வில், இரும்பு வாஷர் எல்லாம் போட்டு இறுக்கிவிட்டான். சோப்பு அட்டைகள் ஏழெட்டு அடுக்கு குப்பைக்குப் போயின. அவர் திரும்பிவந்து சாவியைப் போட்டார். சாவி நேராக நின்றது. விளக்கு நேராக எரிந்தது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

“எப்படிப்பா?”

“ம்... நல்லா பண்ணியிருக்கான்” என்றார், அயலார் வீட்டுச் சாம்பாரைப் பாராட்டும் குரலில்.

மறுநாள் மைத்துனன் வந்தான். ஆணியைக் குத்தினான், உதைத்தான், தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி, வழியில் தோசையும் தின்றுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தான். “அத்திம்பேர், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது! நாளைக்கும் எடுத்துக்கறேன்” என்றான்.

அந்த வார ஞாயிறு காலை ஏழரைக்குப் போர்ட்டிகோவில் செய்தித்தாள் விரிந்தது. ஸ்க்ரூ டிரைவர்கள் உயர வரிசையில் படுத்தன.

“ஏங்க, அதான் சரியாயிடுச்சே? இப்ப எதுக்குப் பிரிக்கறீங்க?”

“சின்ன விஷயம்தான்” என்றார். “ரொம்ப டைட்டா இருக்கு.”