மடவளை வழக்கில் ‘செட்’: சில முதனிலைக் குறிப்புகள்

ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு, ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு 430க்கு மேற்பட்ட பொருள் காட்டுகிறது. அந்த ஒரு பதிவு மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளம். பிறகு ‘ரன்’ என்ற வினைச்சொல் 645 பொருளுடன் வந்து முடியைத் தட்டிப் பறித்துக்கொண்டது. அதைத் தொகுக்க பீட்டர் கிலிவர் என்னும் அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒன்பது மாதத்தில் இலங்கையில், கண்டிப் பக்கத்து மடவளை பசாரில் எத்தனையோ காரியம் செட் ஆகியிருக்கும். அவற்றுள் ஒன்றேனும் மேற்படி அகராதியில் பதியப்படாமை பெரும் முறையியற் குறைபாடு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தரவுகள் பசாரிலும், கண்டி–வத்தேகம பஸ்ஸிலும், பெருநாள் காலத்து அடுப்படிகளிலும் திரட்டப்பட்டன. பஸ்ஸில் திரட்டியவை ‘இயங்குநிலைத் தரவு’ எனத் தனியே வகுக்கப்பட்டன. அப்படி வகுத்ததால் பயன் எதுவும் இல்லை. ஆயினும் வகுக்காமல் விட்டால் ஆய்வரங்கில் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்.

சொற்பிறப்பு: தமிழில் ‘செட்டு’ என்றால் சிக்கனம், வணிகம் என்றும் பொருள். கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துவது என்கிறோமே, அந்தச் செட்டு. மடவளையோ வியாபாரிகளின் ஊர். ஆகவே ஆங்கில ‘செட்’ இங்கிருந்தே போயிருக்க வேண்டும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்பவர் மொழிப்பற்று இல்லாதவர். கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குக் கப்பலேறியது மெய்தான். அவற்றின் பின்னால் டிக்கெட் இல்லாமல் ஏற்றிவிடப்பட்ட சொற்களின் தொகையோ, ஏற்றிவிட்ட அறிஞர் ஓய்வுபெற்ற ஆண்டுகளுக்கு நேர்விகிதத்தில் கூடிக்கொண்டே போகிறது.

பெயர்ச்சொல்: சோபா செட், பல் செட், நகை செட். விளக்கம் வேண்டியதில்லை. ‘எங்கட செட்’ என்பது பள்ளிக்கூடத்தில் ஒன்றாகக் கெட்டுப்போய், பாதிப்பேர் கட்டாருக்குப் போன பின்னும் கலையாத கூட்டம்.

வினைச்சொல்: இங்கேதான் ஆக்ஸ்போர்ட் தடுக்கி விழுகிறது. ‘செட் ஆகு’ என்னும் மடவளை வினைக்கு எழுவாய் உண்டு, செய்கிறவன் கிடையாது. ‘சல்லி செட் ஆனதும் தாறன் நானா’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சல்லியைத் தேட வேண்டியவர் யார்? வாக்கியத்தில் அவர் இல்லை. சல்லி தானாகவே எங்கோ தொலைவில் செட் ஆகிக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே கரையில் நின்று அது வருகிறதா என்று பார்க்கிறார்கள் (பலசரக்குக் கடை, கடன் கொப்பி, கடைசிப் பக்கம்). வேலையும் அப்படித்தான், விசாவும் அப்படித்தான். மாப்பிள்ளையும் செட் ஆவார், அல்லது ‘செட் ஆகல்ல’. யார் மறுத்தார், எதற்காக மறுத்தார் என்பதையெல்லாம் இந்த வினை தன் மடியில் முடிந்துகொள்கிறது. இரு குடும்பமும் அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் சலாம் சொல்லிக்கொள்ள முடிவது இதனாலேயே. தமிழ் இலக்கணம் செயப்பாட்டுவினை கண்டது. பழிபடா வினையைக் கண்டது மடவளை.

வட்டலப்பம் செட் ஆதல்: கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலம். கரைத்து, வடித்து, ஆவியில் அவிப்பது. சூட்டில் முட்டை இறுகுகிறது, கலவை கட்டிப்படுகிறது. இவ்வளவும் விஞ்ஞானம். எப்போது அது ‘செட் ஆகிட்டு’ என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன. ஈர்க்கு குத்தி, ஒட்டாமல் வந்தால் செட் என்பது ஈர்க்குவாதம். தட்டை ஆட்டி, நடு மட்டும் நடுங்கினால் செட் என்பது நடுக்கவாதம். ஆறும் வரை எவரும் வாய் திறக்கக்கூடாது என்பது மௌனவாதம், வீட்டில் மூத்த தாத்தா இதைச் சார்ந்தவர் (இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா, தமிழ்நாட்டு வாசகர் மீசை வைத்துக் கற்பனை செய்ய வேண்டாம்). வெட்டிய துண்டின் உள்ளே துளை இருப்பது அழகா, அடுப்பு கூடிப்போன குற்றமா என்று துளைவாதிகளும் துளைமறுப்பாளரும் பொருதும் உட்சமரும் உண்டு. பார்க்க: மாமி, பெருநாள் இராத்திரி, அடுப்படி, அவரை மறுத்து மருமகள், அதே இரவு, மிக மெல்லிய குரலில், இருவரையும் இணக்க முயன்று மாமா, முற்றத்தில், முற்றுப்பெறாத உரை, இம்மூன்றையும் தொகுத்து, சொந்தக் கருத்து எதையும் சேர்க்காமல், பக்கத்து வீட்டுப் பிள்ளை, கை கழுவும் முன், திருத்திய இரண்டாம் பதிப்பு கை கழுவிய பின். பிறர் கூற்றன்றி வேறெதுவும் இல்லாமையால் இறுதி நூலுக்குக் கலாநிதிப் பட்டம் தரலாம் எனப் பரிந்துரைக்கிறோம்.

வட்டலப்பம் என்ற பெயர் ‘வட்டில் அப்பம்’ என்ற தமிழிலிருந்து வந்ததென்பர் சிலர். பண்டமே மலாயர் கொண்டுவந்தது என்பர் வேறு சிலர். இரு தரப்பாரும் ஒரே மேடையில் வாதிட, வட்டலப்பம் பின்வரிசையில் தீர்ந்துபோவதே மரபு.

இணைச்சொல்: ‘செட்’டுக்கு அண்மையில் வாழும் சொல் ‘ஷேப்’. ஆங்கிலத்தில் வடிவம், இங்கே சமாளிப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் களத்துக்கு வராதோர். காரியம் நடக்குமுன் செய்வது செட், அது கெட்டபின் செய்வது ஷேப். வட்டலப்பம் இறுகினால் செட். இறுகாவிட்டால் கிண்ணத்தில் ஊற்றி, மேலே கஜு தூவி, கரண்டி போட்டு, ‘இது புது மாதிரி புடிங்’ என்று சம்பந்தி வீட்டாருக்கு நீட்டுவது ஷேப். கலியாணத்தில் சஹன் தட்டு ஒன்றுக்கு ஆறு பேரை உட்காரவைப்பது செட். ஏழாமவர் வந்து நின்றால் ஷேப்.

இவ்வாய்வின் இரண்டாம் பாகத்தை (‘ஹோல்ட்: பஸ் நிற்கும் இடமும் நிற்காத பஸ்ஸும்’) அச்சிட நிதி வேண்டி ஓரிடத்துக்கு விண்ணப்பித்திருந்தோம். செட் ஆகும் என்றார்கள். சில மாதம் கழித்து நினைவூட்டி எழுதினோம். எப்படியாவது ஷேப் பண்ணிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.