ஸ்டேக் கடையில் சிக்கன் சாப்: கெடாத் தமிழரின் தீர்ப்பு முறை குறித்த ஒரு முன்னாய்வு

ஸ்டேக் கடை என்பது மாட்டிறைச்சித் துண்டத்தை நெருப்பில் வாட்டித் தரும் உணவகம். கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் நகரங்களில் இத்தகைய கடைக்குள் நுழையும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை மாட்டிறைச்சி உண்பதில்லை. இவ்விரண்டு உண்மைகளும் ஒரே மேசையில் உட்காரும்போது சிக்கன் சாப் வந்து சேர்கிறது. ஆகவே இத்துறையின் முதல் விதியை இப்படி வகுக்கலாம்: ஒரு ஸ்டேக் கடை நல்லதா, மோசமா என்று ஊருக்குச் சொல்பவர் அங்கே ஸ்டேக் சாப்பிட்டவர் அல்லர்.

கெடாவைப் பற்றி எழுதும் எவரும் 1025ஆம் ஆண்டின் ராஜேந்திர சோழன் படையெடுப்பைத் தொடாமல் அடுத்த பத்திக்குப் போவதில்லை. மரபு கருதி அது இங்கும் தொடப்படுகிறது. அவன் மெய்க்கீர்த்தியில் கெடாவின் பழம்பெயரான கடாரம் இருக்கிறது. மிளகு சாஸ் இல்லை. மிளகு சாஸ் வந்த வழி துரை பங்களாவின் பின்வாசல்.

1909இல் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் மேலாதிக்கத்துக்கு மாறியது. பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்கு ஒரு துரை, துரைக்கு ஒரு பங்களா, பங்களாவுக்கு ஒரு குசினி. மலாயாவின் பல பங்களாக் குசினிகளிலும் கிளப்புகளிலும் கரண்டி பிடித்தவர்கள் ஹைனான் சீனர்கள். பிந்தி வந்து சேர்ந்த அவர்களுக்கு, ஹொக்கியன், கண்டோனீஸ் மக்கள் முன்பே பிடித்துவைத்த வணிகங்களில் நுழைவது எளிதாக இல்லை. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலுக்குப் போனார்கள். துரைக்கு ஊர் ஞாபகம் வர வேண்டும், சமைப்பவர் கையில் இருப்பதோ சோயா சாஸ். இந்த நெருக்கடியில் உருவானதுதான் ஹைனான் சாப். இறைச்சியைத் தட்டி, கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை நொறுக்கிப் புரட்டிப் பொரித்து, வெங்காயமும் பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் மிதக்கும் ஒரு பழுப்புக் குழம்பை அதன் தலையில் ஊற்றுவார்கள். இங்கிலாந்தில் 1837 முதல் விற்பனையாகும் வூஸ்டர் சாஸும் சோயா சாஸும் தக்காளி சாஸும் அந்தக் குழம்பில் சண்டையில்லாமல் கலந்திருக்கும். தொடக்கத்தில் பன்றி இறைச்சியே பெரிதும் சாப் ஆனது. ஹலால் கடைகள் பெருகிய பிறகு கோழி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. கோலாலம்பூரில் 1921இல் திறந்த கொலிசியம் கஃபே இந்த மரபின் மூத்த பெயர். நகரத்துக்கு வந்த தோட்டத் துரைமார் கூடிய இடம் அது. காய்ந்த இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் ஸ்டேக்குக்குப் பேர்போனது.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த தமிழர்களுக்கு இந்தச் சமையல் வாசனையாக மட்டுமே கிடைத்தது, அதுவும் காற்று அந்தப் பக்கம் வீசிய நாள்களில். 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையும் வீடமைப்பும் பால்மரத்தின் இடத்தைப் பிடித்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. மங்கில் பால் எடுத்தவர்களின் பிள்ளைகள் ஆலைச் சீருடை போட்டார்கள். முதல் சம்பளம், பிறந்தநாள், எஸ்.பி.எம். தேர்வு முடிவு ஆகிய மூன்றுக்கும் வீட்டாரை ‘வெஸ்டர்ன்’ சாப்பிட அழைத்துப்போகும் வழக்கம் வேர்விட்டது. முதலில் கோப்பிக் கடையின் ஓரத்திலும் பசார் மாலாமிலும் நின்ற தள்ளுவண்டி, பிறகு குளிரூட்டி போட்ட ஸ்டேக் கடை. பங்களாவிலிருந்து லயத்துக்குக் கால் மைல். சாப் அதைக் கடக்க ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

இனி மேசைக்கு வரலாம். முதலில் எழும் ஐயம் கல் பற்றியது. மாட்டிறைச்சி வாட்டும் கல்லிலேயே கோழியையும் போடுவார்களா? இதை அம்மா மகனிடம் கேட்பார். மகன் பணியாளரிடம் மலாயில் கேட்பான். பணியாளர் உள்ளே போய் விசாரித்துவந்து, கோழியை எண்ணெயில் பொரிப்பதாகவும் அதற்குக் கல்லே தேவையில்லை என்றும் அறிவிப்பார். மேசையில் அமைதி திரும்பும். வாட்டிய சிக்கன் சாப் கேட்டிருந்தவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை ஆனாலும் புரட்டாசி ஆனாலும் இந்த விசாரணைக்கு அவசியமே எழாது. அன்று கடைக்கு யாரும் வரமாட்டார்கள். வெளியூரில் படித்துத் திரும்பிய மகன் அசல் ஸ்டேக்கையே கேட்பதும் உண்டு, அம்மா வராத நாள்களில்.

அடுத்தது வேக்காடு. மேலைநாட்டு முறையில் மாட்டு, ஆட்டு இறைச்சித் துண்டங்களின் நடுப்பகுதி சுமார் 52 பாகை செல்சியஸில் ‘ரேர்’, 60ஐ ஒட்டி ‘மீடியம்’, 70ஐத் தாண்டினால் ‘வெல் டன்’. தட்டில் கசியும் சிவப்பு நீர் இரத்தம் அன்று. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் அதற்கு அந்த நிறத்தைத் தருகிறது. இந்த அறிவியல் முழுவதையும் அப்பா ஒரே வரியில் தள்ளுபடி செய்வார்: “நல்லா வேக வைக்கச் சொல்லுடா, செவப்பா எதுவும் தெரியக்கூடாது.” அவரைக் குறை சொல்வதற்கில்லை. கடையின் இரும்புத் தட்டும் அவர் கட்சிதான். தண்ணீர் பட்டால் துள்ளும் அளவுக்குக் காய்ந்த தட்டில் இறைச்சி வந்து இறங்குகிறது. சாஸை ஊற்றியதும் ஆவி எழுந்து மூக்குக்கண்ணாடியை மூடுகிறது. படமெடுப்பவர் படமெடுத்து முடிக்கும்வரை தட்டு சமைத்துக்கொண்டே இருக்கிறது. ‘மீடியம்’ என்று சொல்லி வாங்கியது முதல் வாய்க்கு மீடியமாகவும் கடைசி வாய்க்குச் செருப்புத் தோலாகவும் இருப்பதன் காரணம் இதுதான். ஒரே தட்டில் சாப்பிட்ட இருவர் இருவேறு தீர்ப்புச் சொன்னால் இருவரும் உண்மையே பேசுகிறார்கள். ஒருவர் முதலில் கத்தி வைத்தவர், மற்றவர் மிச்சத்தைத் தின்றவர். சீறும் தட்டு கண்ணுக்கும் காதுக்கும் உரியது, பல்லுக்கு எதிரி என்பது இக்கட்டுரையின் துணிபு.

லேம்ப் சாப்பின் வழக்கு தனி. பெரியவர்களுக்கு ஆட்டிறைச்சி என்றால் வெள்ளாடு; எலும்போடு வெட்டி மசாலாவில் பிரட்டியது. கடையில் வருவதோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ உறைந்து வந்த செம்மறி ஆட்டுத் தோள். அதன் கொழுப்பிலுள்ள கிளைச்சங்கிலிக் கொழுப்பமிலங்களே அந்த வாடைக்குக் காரணம் என்பது வேதியியலின் விளக்கம். ‘கவிச்சி அடிக்குது’ என்பது பாட்டியின் விளக்கம். இரண்டுக்கும் முரண்பாடில்லை. வாடையை அடக்க வைக்கும் பச்சை நிற மின்ட் சாஸைப் புதினாச் சட்னி என்று நம்பித் தாராளமாகத் தொட்டு, அதன் இனிப்பில் திடுக்கிட்டவர்கள் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரத்துக்கு மேல் தருவதில்லை.

ஆயினும் மிகுதியான மனக்கசப்பு சாஸின் அளவால் வருகிறது. ஹைனான் சாப் குழம்பில் மூழ்கிக் கிடந்தது. ஸ்டேக் கடையோ சாஸை விரற்கடை உயரமுள்ள கிண்ணத்தில் தனியாக வைக்கிறது. குழம்பை ஊற்றிப் பிசைந்து பழகிய கைக்கு அது மருந்துக் கணக்கு. இரண்டாவது கிண்ணம் கேட்டால் அதற்குத் தனி விலை. பில் வந்ததும் அந்தக் கிண்ணம் மீண்டும் பேச்சில் அடிபடும். பெரிய கடைகள் பலவற்றில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடையானால் சேவை வரி 6 விழுக்காடு. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டவர் ஏறத்தாழ 116 வெள்ளி கட்டுகிறார். தள்ளுவண்டிக்காரர் இவ்விரண்டையும் வாங்குவதில்லை, குழம்பையும் அளப்பதில்லை. ‘பழைய கடை மாதிரி வருமா’ என்ற தீர்ப்பில் ருசியின் பங்கு எவ்வளவு, இந்த 16 வெள்ளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

கடைசிச் சிக்கல் சோறு. தட்டில் பொரித்த உருளைக்கிழங்கும் மயோனைஸ் கலந்த முட்டைகோஸும் இருக்கும், சோறு இராது. வயிறு நிறைந்தாலும் சாப்பிட்டதாகக் கணக்கில் வராது. திரும்பும் வழியில் காடி ஒரு மாமாக் கடை ஓரம் நிற்கும், இரண்டு ரொட்டி சானாய் பொட்டலம் ஆகும். ஸ்டேக் கடைக்கு நல்ல பேர் கிடைக்கும் இரவுகளிலும் இது நடப்பதால், இதைக் கடையின் குற்றமாகக் கொள்ள முடியாது.

கடை நடத்துபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மெனுவின் முதல் பக்கத்தில் நான்கு செய்திகளை அச்சிடலாம்: கோழிக்குத் தனிக் கல் உண்டா, நன்றாக வேக எத்தனை நிமிடம் ஆகும், இரண்டாவது கிண்ணம் சாஸ் என்ன விலை, சோறு கிடைக்குமா. ஸ்டேக்கின் படத்தை இரண்டாம் பக்கத்தில் போட்டால் போதும்.