240 வெறும் ரின்

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு கலியாண வரவேற்பு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் வர முதலே, குப்பை வாளிக்குப் பக்கத்தில் கோட் சூட்டோடு ஒருவர் காவல் நின்றார். பிறகு மேசை மேசையாகப் போகத் தொடங்கினார். "தம்பி, குடிச்சு முடிச்சா ரின்னை நசிச்சுப் போடாதையும். இஞ்சை தாரும்." இந்தக் கட்டுரையை எழுதுகிறவர் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதனால் கறுப்புப் பையின் வாயை விரித்துப் பிடிக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. வேட்டியில் வழிந்த கோலாக் கறை இன்னும் போகவில்லை. கீழே வருவதில் எரிச்சல் தெரிந்தால் காரணம் அந்தக் கறைதான்.

"வெயிலாலை வீட்டுக்குச் சூடு. ஒரு சதம் செலவில்லை" என்றார் அண்ணை.

விஷயம் என்னவோ நல்ல விஷயம்தான். தெற்குப் பார்த்த சுவரில் ஒரு மரப்பெட்டி, உள்ளே வெறும் ரின்களை ஒட்டிச் செய்து கறுப்படித்த குழாய்கள், முன்னால் கண்ணாடி. வீட்டின் குளிர்காற்று கீழ்த்துவாரத்தால் உள்ளே போய், சூடேறி, மேல்துவாரத்தால் திரும்பி வரும். மசாசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் எட்வர்ட் மோர்ஸ் என்ற விலங்கியலாளர் 1881இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வைத்தது கறுப்புச் சிலேற்றுக் கல். அப்போது கொக்காகோலா பிறக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. மனிதர் தப்பித்தார்.

இந்தப் பெட்டியை வீட்டிலேயே மலிவாகச் செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்வதுதான் கட்டுரையின் நோக்கம். முதலாவது படி, ரின் சேர்ப்பது.

எட்டடிக்கு நாலடிப் பெட்டியில் 15 வரிசை, வரிசைக்கு 16 என்று வைத்தால் 240 ரின் வேண்டும். சாதாரணக் கோலா ரின் ஒன்றில் 355 மில்லிலீற்றர், அதற்குள் 39 கிராம் சீனி. வீட்டுக்காரரே குடித்து முடிப்பதென்றால் 85 லீற்றர் கோலாவும் ஒன்பது கிலோவுக்கு மேல் சீனியும் உள்ளே போகும். சீனி வருத்தம் இல்லாத ஒரு தமிழ் வீட்டை முதலில் காட்டுங்கள், பிறகு பேசுவோம். சரி, பியர்? 24 அடங்கிய பெட்டி 10. குடிக்க ஆள் கிடைக்கும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒன்ராறியோவில் வெறும் பியர் ரின்னைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 10 சதம் தருவார்கள். ஆகவே 240 பியர் ரின்னைச் சுவரில் ஏற்றுகிறவர் 24 டொலரைச் சுவரில் ஏற்றுகிறார். அண்ணை போன்றவர்களுக்கு அன்றிரவு நித்திரை வராது. சோடா ரின்னுக்கு அந்த 10 சதம் கிடையாது, நீலப் பெட்டிக்குள் போடவேண்டியதுதான். அதனால்தான் கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று பாராமல் கறுப்புப் பை போய்க்கொண்டிருக்கிறது. அந்தியேட்டி வீட்டிலும் கேட்டது கொஞ்சம் அதிகம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

சேர்த்தால் மட்டும் போதாது, கழுவவேண்டும். கழுவாவிட்டால் பேஸ்மென்ட்டில் பழப்புளிச்சல் மணம் எழும்பும். பிறகு ஒவ்வொன்றின் அடியிலும் துளை போடவேண்டும். ரின்னின் அடி உள்நோக்கிக் குழிந்திருக்கும்; துளைப்பான் வழுக்கும்; தகடு கிழிந்து சவர பிளேட் மாதிரி ஓரம் காட்டி நிற்கும். அண்ணையின் பெருவிரலில் இப்போதும் துணி சுற்றியிருக்கிறது. மேல்மூடியை நறுக்கி உள்ளே மடக்கிவிட்டால் காற்று சுழன்றுகொண்டு போகும், சூட்டைக் கூடுதலாக வாங்கும். அதுவும் 240 தடவை. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாகச் சிலிக்கன் பசையால் ஒட்டவேண்டும். பசை காயும்வரை குழாய் கோணாமல் கிடக்க ஒரு மரச்சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்தையும் செய்யவேண்டும். ஒட்டியபின் வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்ற். "உந்தக் குப்பையை அள்ளாட்டி நான் மகள் வீட்டை போறன்" என்று அண்ணி சொல்லியிருக்கிறா. மகள் இருப்பது கல்கரியில்.

செலவுக் கணக்குக்கு வருவோம். அண்ணை பார்த்த வீடியோவில் ஒருவர் 50 டொலரில் முடித்துக் காட்டுகிறார். பலகை பழைய வேலியிலிருந்து வந்ததாம். கண்ணாடி யாரோ கழற்றி எறிந்த முற்றத்துக் கதவாம். காற்றைத் தள்ளும் விசிறி கராஜில் கிடந்ததாம். அவருக்குப் பின்னால் ஒரு மேசை வாளும், நின்றபடி துளைக்கும் இயந்திரமும், சுவர் முழுக்கத் தொங்கும் ஆயுதங்களும் தெரிகின்றன. அவை கணக்கில் இல்லை. நம்மவர் கராஜில் கிடப்பது இரண்டு உடைந்த சில்லு, ஒரு பெரிய சோற்றுக் கிடாரம், நாலு மூட்டை அரிசி. ஆகவே துளைப்பான், பசை, பெயின்ற், கண்ணாடி, காற்றுக் குழாய், பெட்டி சூடேறினால் விசிறியை ஓடவிட்டு ஆறினால் நிறுத்தும் சின்ன ஆளி, எல்லாவற்றையும் கடையில்தான் வாங்கியிருக்கிறார். பற்றுச்சீட்டுகள் அண்ணி கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் எதற்கு? வெயில் நேராக அடிக்கும்போது ஒரு சதுர மீற்றரில் கிட்டத்தட்ட 1,000 வாற்று விழும். பெட்டி மூன்று சதுர மீற்றர். பாதியைப் பிடித்தாலே பெரிய காரியம், அது 1,500 வாற்று. கடையில் விற்கும் சாதாரண அறைச் சூடேற்றியும் அதே 1,500தான். வித்தியாசம், அந்தச் சூடேற்றி இரவு எட்டு மணிக்கும் வேலை செய்யும்.

வெயிலைக் குறை சொல்லக்கூடாது. மார்கழியின் மிகக் குறுகிய நாட்களில் ரொறன்ரோ நண்பகலில் சூரியன் 23 பாகைக்கு மேல் ஏறாது, ஆகவே நிமிர்ந்து நிற்கும் சுவருக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும், கீழே கிடக்கும் பனியும் கொஞ்சம் திருப்பி அடிக்கும். ஆனால் பகல் ஒன்பது மணிநேரம்கூட இல்லை, அதிலும் பாதி நாள் முகில். சூரியன் போனபின் பெட்டி தலைகீழாக வேலை செய்யும்: உள்ளே குளிர்ந்த காற்று கனத்துக் கீழ்த்துவாரத்தால் வீட்டுக்குள் இறங்கும், வீட்டின் சூடு மேல்துவாரத்தால் வெளியே ஏறும். அதைத் தடுக்கத் துவாரத்தில் மெல்லிய பொலித்தீன் மடல் ஒன்று தொங்கவிடவேண்டும். அதைச் சொல்லும் வீடியோவை அண்ணை இன்னும் பார்க்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சலான செய்தி ஒன்று உண்டு. ரின் தேவையே இல்லை. யன்னலுக்கு அடிக்கும் கறுப்பு நுளம்பு வலையை இரண்டு மூன்று மடிப்பாகப் பெட்டிக்குள் சரித்துக் கட்டி, காற்றை அதனூடாக விட்டால் போதும். இரண்டு வகைப் பெட்டியையும் அருகருகே வைத்து அளந்து பார்த்தவர்கள் உண்டு. வலை ரின்னுக்குக் குறைந்ததல்ல. கழுவத் தேவையில்லை, துளைக்கத் தேவையில்லை, ஒரு பின்னேரத்தில் வேலை முடியும். இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் ஒரு ரின்னைக் குலுக்கிக் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வலையைக் காசு குடுத்தெல்லே வாங்கவேணும்."

செய்யத்தான் போகிறோம் என்று நிற்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சூடு வெளியேறாமல் இருக்கப் பெட்டிக்குள் ஸ்டைரோபோம் பலகை வைக்காதீர்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே சொசூர் என்ற சுவிஸ்காரர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டிக் காட்டினார். நல்ல வெயிலில் விசிறி நின்றுபோனால் உங்கள் பெட்டியும் அந்தப் பக்கம் போகும், ஸ்டைரோபோம் அதற்கு முதலே இளகிவிடும்.